தனிப் பிரயாணமும் துணைப் புரட்டும்

வயது வந்த ஒரு பெண், "ஆண் துணை இல்லாமல் ஐரோப்பாவைச் சுற்றிப் பார்த்து வரப் போகிறேன்" என்று சொல்லட்டும். உடனே வீட்டுப் பெரியவர்கள் முதல் எதிர் வீட்டுத் திண்ணைக்காரர் வரை எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "துணைக்கு யார்?" என்பதே அது. அதே வீட்டுப் பையன் அதே ஊருக்குப் புறப்பட்டால், "கையில் பணம் எவ்வளவு இருக்கிறது? குளிருக்குச் சட்டை எடுத்துக் கொண்டாயா?" என்று கேட்கிறார்கள். அதாவது பையனுக்குப் பணமும் சட்டையும் வேண்டும்; பெண்ணுக்கு ஒரு ஆண் வேண்டும். இதுதான் இவர்களுடைய பிரயாண சாஸ்திரம்.

இந்தச் சாஸ்திரத்தைக் கொஞ்சம் உரைத்துப் பார்ப்போம். தனியே போகும் பெண்ணுக்கு ஆபத்து என்கிறார்களே, அந்த ஆபத்து எங்கிருந்து வருகிறது? புலியிடமிருந்தா, பேயிடமிருந்தா? ஆணிடமிருந்துதான் வருகிறது என்பதை அவர்களே ஒப்புக்கொள்ளுகிறார்கள். அப்படியானால், ஆணால் வரும் ஆபத்துக்கு மருந்து இன்னொரு ஆணைத் துணைக்கு அழைத்துக் கொள்வது என்பது என்ன பகுத்தறிவு? எந்த ஆண் நல்லவன், எவன் கெட்டவன் என்று நெற்றியில் எழுதி ஒட்டியிருக்கிறதா என்று கேட்கின்றோம்.

வெறும் வாதத்துக்காக இதைச் சொல்லவில்லை. ஐரோப்பிய யூனியனைச் சேர்ந்த 28 நாடுகளில் 42,000 பெண்களை நேரில் விசாரித்து, அந்த யூனியனின் அடிப்படை உரிமை நிலையம் 2014-ம் வருஷத்தில் ஒரு கணக்கை வெளியிட்டது. 15 வயதுக்குமேல் அடியோ பலாத்காரமோ அனுபவித்தவர்கள் மூன்றில் ஒரு பங்குப் பெண்கள் என்று அதில் கண்டிருக்கிறது. ஆணோடு கூடி வாழ்ந்த பெண்களில் 100-க்கு 22 பேர், அந்தக் கொடுமையைத் தங்கள் புருஷனிடமோ கூட வாழ்ந்த ஆணிடமோ அனுபவித்தவர்கள். ஐக்கிய நாடுகள் சபையின் கணக்கு இதைவிட மோசம். 2023-ம் வருஷத்தில் உலகம் முழுவதும் வேண்டுமென்றே கொல்லப்பட்ட பெண்கள் ஏறக்குறைய 85,000 பேர். அவர்களில் 51,100 பேரைக் கொன்றவர்கள் புருஷர்கள், கூட வாழ்ந்தவர்கள், குடும்பத்தார். நாள் ஒன்றுக்கு 140 பெண்கள்!

"பெண்கள் வீட்டிலேயே அதிகமாக இருப்பதால் வீட்டுக் கணக்கு அதிகமாகிறது" என்று ஒருவர் சமாதானம் சொல்லலாம். சரி, இருக்கட்டும். அப்படியே வைத்துக்கொண்டாலும், வீடு என்பது காப்பு, வீதி என்பது ஆபத்து என்ற பேச்சு பொய் என்று ஆகிறதா இல்லையா? பெண்ணைக் கொன்றவர்களில் பெரும்பாலோர் ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த அந்நியர் அல்ல. இவர்கள் துணை என்று காட்டுகிற வகையறாவைச் சேர்ந்தவர்களே என்பது விளங்குகிறதா இல்லையா?

நிற்க, "அது வெள்ளைக்காரர் தேசம், அங்கே பெண்கள் ஆதியிலிருந்தே இஷ்டம்போல் திரிகிறவர்கள், நமக்கு அது பொருந்தாது" என்று சிலர் சொல்லுகிறார்கள். இது சரித்திரம் தெரியாத பேச்சு. ஸ்பெயின் தேசத்துச் சிவில் சட்டத்தில் 321-வது பிரிவு என்று ஒன்று இருந்தது. மேஜரான பெண்ணாயிருந்தாலும் 25 வயது ஆகும்வரை தாய் தகப்பன் அனுமதியில்லாமல் வீட்டைவிட்டு வெளியேறி வசிக்கக் கூடாது என்பது அதன் சாரம். அதற்கு முக்கியமான விலக்கு என்ன தெரியுமா? கலியாணம் செய்துகொண்டு போகலாம். அல்லது கன்னியாஸ்திரீ மடத்துக்குப் போகலாம்! ஒன்று புருஷன் வீடு, இல்லாவிட்டால் கடவுள் வீடு. பெண்ணுக்குச் சொந்தமாக ஒரு வழி மட்டும் கிடையாது. இந்தப் பிரிவு ஒழிந்தது 1972-ல்தான். கலியாணமான பெண்ணின் காரியங்களுக்குப் புருஷன் அனுமதி வேண்டும் என்ற சட்டம் அங்கே 1975-ல்தான் ஒழிந்தது. பக்கத்துப் போர்ச்சுகலில் கலியாணமான பெண் புருஷன் உத்திரவு இல்லாமல் எல்லை தாண்ட முடிந்தது 1969-ல்தான். ஆகவே, இன்று அந்த நாட்டு வாலிபப் பெண்கள் மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு தேசம் தேசமாய்ப் போய் வருகிறார்கள் என்றால், அது அவர்கள் பிறவிக் குணமல்ல. சட்டத்தை எதிர்த்துப் போராடி வாங்கிய பலன் என்பதை நம் மக்கள் உணர வேண்டும்.

சட்டம் மாறும்வரை காத்திராமல் புறப்பட்டவர்களும் உண்டு. வியன்னாவில் 1797-ல் பிறந்த இடா பைஃபர் என்ற அம்மையார் தம் இரண்டு பிள்ளைகளும் தலையெடுத்த பிறகு, 1842-ல் தமது 44-வது வயதில் தனியாகப் பிரயாணம் புறப்பட்டார். 1845-ல் ஐஸ்லாந்துக்கும் ஸ்காண்டிநேவியாவுக்கும் போனார். அடுத்த வருஷம் உலகத்தையே சுற்றக் கிளம்பி, அந்த யாத்திரையில் இலங்கைக்கும் நம் சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் வந்து போனார். அவர் பணக்காரரல்ல, சிக்கனமாய்ப் போய், கண்டதை எழுதிப் புஸ்தகமாக விற்று, அந்தப் பணத்தில் அடுத்த பிரயாணம் போனவர். பெர்லின் பூகோள சங்கத்தார் அவரைக் கௌரவ அங்கத்தினராக்கினார்கள். லண்டன் ராயல் பூகோள சங்கத்தாரோ, பெண்ணுக்கு எங்கள் விதியில் இடமில்லை என்று கதவைச் சாத்தினார்கள்.

அந்தச் சங்கத்தின் கதையை இன்னும் கொஞ்சம் கேளுங்கள். 1892-லும் 1893-லும் 22 பெண்களைச் சேர்த்துக்கொண்டு, பிறகு ஆண் மெம்பர்கள் கூச்சல் போடவே, இனிப் பெண்களே வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். கூச்சல் போட்டவர்களில் ஒருவர், பின்னால் நமக்கு வைஸ்ராயாக வந்து வங்காளத்தைத் துண்டாடின கர்சன் பிரபுவேதான். பூமியைச் சுற்றிவந்த பெண்ணுக்குப் பூமியைப்பற்றிப் பேசும் சங்கத்தில் நாற்காலி இல்லையாம்! கடைசியில் 1913-ல் பெண்களுக்குக் கதவு திறந்தபோது, அந்தச் சங்கத்தின் தலைவராக இருந்து அதை ஆதரித்தவரும் அதே கர்சன்தான். பெரிய மனிதர்களின் கொள்கைக்கு இருபது வருஷம்தான் ஆயுள். அதற்குள் எத்தனை பெண்களின் வாழ்நாள் வீணாயிற்று என்பதை யார் கணக்குப் பார்த்தார்கள்?

இனி, முக்கியமான சங்கதிக்கு வருவோம். தனிப் பெண்ணின் பிரயாணத்தை உண்மையில் பத்திரமாக்கியது எது? கற்பா? கடவுளா? கூடப்போன அண்ணனா? இவை ஒன்றுமல்ல. ஏற்பாடுதான். விளக்கு, ரயில், பூட்டுப் போட்ட அறை, நேர்மையான விலாசம், சட்டம் ஆகிய இவைதான்.

1855-ல் லண்டனில் கின்னேர்ட் சீமாட்டி என்பவர், கிரிமியா யுத்தத்துக்குப் போய்வரும் நர்சுகள் தங்குவதற்கு ஒரு விடுதி திறந்தார். இன்று உலகமெங்கும் கிளை பரப்பியிருக்கும் இளம் கிறிஸ்தவப் பெண்கள் சங்கத்துக்கு அது ஒரு வித்து. 1863-ல் தாமஸ் குக் என்பவர் சுவிட்சர்லாந்துக்குக் கூட்டிப்போன முதல் பிரயாணக் கூட்டத்தில், ஜெமீமா மொரல் என்ற கலியாணமாகாத பெண், நீண்ட பாவாடையோடு பனிமலை ஏறி இறங்கி, தினக்குறிப்பும் எழுதி வைத்தார். பிரயாண டிக்கட்டு முன்னதாகவே ஏற்பாடு செய்யப்பட்டதனால்தான் அது சாத்தியமாயிற்று.

1894-ல் பெர்லினில் ரயில் நிலைய உதவி நிலையம் என்று ஒன்று ஆரம்பிக்கப்பட்டது. கிராமத்திலிருந்து வேலை தேடி ரயிலில் வந்து இறங்கும் பெண்களை, வேலை வாங்கித் தருகிறேன் என்று தரகர்கள் ஏமாற்றிக் கொண்டுபோய்க் கெடுத்து வந்தார்கள். அதைத் தடுக்கவே அது ஏற்பட்டது. இதை ஆரம்பித்தவர்கள் பாதிரிமார்கள். யார் செய்தாலும் நல்ல காரியத்தை நல்ல காரியம் என்றுதான் நாம் சொல்லுவோம். ஆனால், அந்தப் பெண்களைக் காப்பாற்றியது ஜெபமா? அல்ல. ரயில் வந்து நிற்கும் நேரத்தில் பிளாட்பாரத்தில் நின்ற ஒரு ஆள், உட்கார ஒரு அறை, மோசமில்லாத ஒரு தங்குமிடத்தின் விலாசம் ஆகிய மூன்றும்தான். இன்றும் ஜெர்மனியில் ஏறக்குறைய நூறு ரயில் நிலையங்களில் அந்த உதவி நிலையம், ஆண் பெண் பேதமில்லாமல், மதமும் பாராமல் வேலை செய்கிறது.

1909-ல் ரிச்சர்ட் ஷிர்மான் என்ற ஜெர்மன் பள்ளி உபாத்தியாயர், பிள்ளைகளோடு நடைப் பிரயாணம் போகையில் இடிமழையில் மாட்டிக்கொண்டு ஒரு பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினார். விடுமுறையில் காலியாகக் கிடக்கும் பள்ளிக்கூடங்களில் ஏழைப் பிள்ளைகள் தங்கினால் என்ன என்று அவருக்குத் தோன்றிற்று. அதிலிருந்துதான் வாலிபர் விடுதிகள் பிறந்தன. 1930-ல் இங்கிலாந்தில் இத்தகைய விடுதிகளுக்குச் சங்கம் ஏற்பட்டபோது ஒரு இரவுக்குப் படுக்கை ஒரு ஷில்லிங். பெண்களுக்குத் தனி அறை. ஆலைத் தொழிலாளிப் பெண்ணும் மலையையும் கடலையும் பார்க்க முடிந்தது அந்த ஒரு ஷில்லிங்கால்தான்.

தோழர்களே! இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பத்திரம் வேறு, சல்லிசு வேறு என்று நம்மவர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. பெண்ணுக்குச் சல்லிசு என்பதே பாதிப் பத்திரம். கையில் காசுள்ள பெண் இராத்திரியில் வாடகைக் கார் பிடிப்பாள். நிலையத்துக்கு அடுத்த ஓட்டலில் அறை எடுப்பாள். அறை பிடிக்காவிட்டால் மறுநிமிஷம் வேறிடம் போவாள். காசில்லாத பெண்ணோ ஊருக்கு வெளியே மலிவு விடுதி தேடி இருட்டில் நடக்க வேண்டும். முன்பின் தெரியாதவன் "என் வண்டியில் ஏறு" என்றால் யோசிக்க வேண்டும். ஆகவே, பெண்ணின் ஆபத்தில் பாதி அவள் பெண்ணாயிருப்பதால் வருவதல்ல; ஏழையாயிருப்பதால் வருவது. இதை மறைத்து, எல்லாப் பழியையும் அவள் பெண் பிறவியின்மேல் போடுகிறவர்கள் யோக்கியர்களா என்று கேட்கின்றோம்.

அதுமட்டுமா? பிரயாணக் கம்பெனிகளில் பல, இருவர் தங்கும் அறையில் ஒருவர் தங்கினால் அதிகப் பணம் வாங்குகின்றன. துணையில்லாமல் வந்த குற்றத்துக்கு அபராதம்! வீட்டிலோ பயமுறுத்தல், வெளியிலோ அபராதம். இரண்டும் சேர்ந்து அவளை மூலையில் உட்கார வைக்கின்றன.

இதற்குப் பரிகாரம் பொதுப் பணத்தில் நடக்கும் ஏற்பாடு என்பதை ஐரோப்பாவில் கண்ணாலே காணலாம். 1972 முதல் அந்நாட்டு வாலிபர்கள் ஒரே டிக்கட்டில் பல தேசங்களுக்கு ரயிலில் போகும் இன்டர்ரெயில் ஏற்பாடு இருக்கிறது. ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து போகிறவர்களுக்கு அதே மாதிரி யூரெயில் டிக்கட்டு 1959 முதல் உண்டு. 27 வயது வரை சலுகை விலை. 2018 முதல் ஐரோப்பிய யூனியன், 18 வயதுப் பிள்ளைகளில் ஆயிரக்கணக்கானவர்களைத் தேர்ந்தெடுத்து ஆண் பெண் பாராமல் இனாமாகவே ரயில் டிக்கட்டு கொடுக்கிறது. லக்சம்பர்க் என்ற சிறு நாட்டில் 2020 மார்ச்சு முதல் ரயில், டிராம், பஸ் எதற்கும் இரண்டாம் வகுப்பில் டிக்கட்டே கிடையாது. ஜெர்மனியில் 2023 மே மாதம் முதல், மாதம் 49 யூரோ கொடுத்தால் நாடு முழுவதும் உள்ளூர் ரயிலிலும் பஸ்ஸிலும் போகலாம் என்று செய்தார்கள். அந்த விலை 2025-ல் 58-ம், 2026-ல் 63-ம் ஆயிற்று. ஏறுகிற ஒவ்வொரு யூரோவும் ஒரு ஏழைப் பெண்ணை வண்டியிலிருந்து இறக்கிவிடுகிறது என்பதை அந்நாட்டு மந்திரிகளுக்கும் சொல்ல வேண்டியதுதான். ஆஸ்திரிய ரயில்வே நடத்தும் நைட்ஜெட் இரவு வண்டிகளில் பெண்களுக்கென்றே தனிக் கம்பார்ட்மெண்டு கேட்டு வாங்கலாம். இரவைப் பிரயாணத்தில் கழித்தால் விடுதிச் செலவும் மிச்சம். பத்திரமும் சல்லிசும் ஒரே டிக்கட்டில் கிடைப்பது இதுதான்.

இப்படிச் சொல்லுவதால் ஐரோப்பா சொர்க்கலோகம் என்று நாம் சொல்லுவதாக யாரும் நினைக்க வேண்டியதில்லை. சொர்க்கத்தில் நமக்கு நம்பிக்கையும் இல்லை. ஸ்பெயினில் சாண்டியாகோ யாத்திரைப் பாதையில் 2015-ல் ஒரு அமெரிக்கப் பெண் கொல்லப்பட்டாள். புண்ணிய ஸ்தலத்துக்குப் போகும் வழி என்பது அவளைக் காப்பாற்றவில்லை. கொன்றவன் பிடிபட்டு 2017-ல் தண்டிக்கப்பட்டான். ஆனால் அந்தப் பாதையைப் பெண்களுக்கு மூடவில்லை. 2023-ல் அந்த ஊரில் வந்து பதிந்துகொண்டவர்கள் நாலு லட்சத்து நாற்பதாயிரத்துக்கு மேல். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் பெண்கள். வழிநெடுக மலிவான சத்திரங்கள் இருப்பதும், வழியில் ஆள் நடமாட்டம் ஓயாமல் இருப்பதுமே இதற்குக் காரணமே தவிர, அங்கே புதைத்திருப்பதாகச் சொல்லும் எலும்பின் மகிமையல்ல.

1975 முதல் 1980 வரை வட இங்கிலாந்தில் ஒருவன் 13 பெண்களைக் கொன்றான். போலீசார் என்ன சொன்னார்கள்? பெண்கள் இருட்டிய பிறகு வெளியே வராதீர்கள் என்றார்கள். கொல்லுகிறவன் ஆண், வீட்டில் அடைய வேண்டியவள் பெண்! 1977 நவம்பர் 12-ந் தேதி லீட்ஸ் முதலிய ஊர்களில் பெண்கள் தீவட்டியோடு வீதிக்கு வந்து, இரவு எங்களுக்கும் சொந்தம் என்று ஊர்வலம் போனார்கள். ஊரடங்கு போடுவதானால் ஆண்களுக்குப் போடுங்கள் என்று அவர்கள் கேட்டதில் என்ன தப்பு? 2021 மார்ச்சில் லண்டனில் தோழி வீட்டிலிருந்து நடந்து வந்த ஒரு பெண்ணைப் பிடித்துப்போய்க் கொன்றவன் யார்? வேலையிலிருந்த போலீஸ்காரன். தன் உத்தியோகச் சீட்டைக் காட்டித்தான் அவளை வண்டியில் ஏற்றினான். காவலாளி என்ற பெயரே காவலாகிவிடாது என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா?

ஆகவே, போக விரும்பும் பெண்களுக்கு நாம் சொல்லுவது பயப்படு என்பதல்ல. கணக்குப் பார் என்பதே. ஊருக்குப் போய்ச் சேரும் நேரம் வெளிச்சமாயிருக்கும்படி வண்டியைத் தேர்ந்தெடுங்கள். வண்டிச் சத்தத்தில் பத்து யூரோ மிச்சம் பிடித்து நடு இரவில் இறங்குவது மிச்சமல்ல. முதல் இரண்டு இரவுக்காவது, நிலையத்துக்குக் கிட்ட, பெண்களுக்கென்று அறையுள்ள விடுதியில் முன்னதாகவே இடம் பிடியுங்கள்; சொந்தப் பூட்டு ஒன்று கையில் இருக்கட்டும். பணத்தையும் பாங்குக் கார்டையும் இரண்டு இடத்தில் பிரித்து வையுங்கள். பெரிய நகரங்களில் பெரும்பாலும் நேர்வது பிக்பாக்கட்டுத்தான். பாஸ்போர்ட்டின் நகல் ஒன்று வீட்டில் இருக்கட்டும். 112 என்ற நம்பரை மனப்பாடம் செய்யுங்கள். ஐரோப்பிய யூனியனில் எந்த நாட்டிலும் காசில்லாமல் உதவிக்குக் கூப்பிடும் நம்பர் அது. இவை எல்லாவற்றையும்விட ஒன்று: முன்பின் தெரியாத ஆண் பேசினால் மரியாதைக்காகவாவது பதில் சொல்ல வேண்டும், சிரிக்க வேண்டும் என்று சிறு வயதிலிருந்து உங்களுக்குப் போதித்ததை மறந்துவிடுங்கள். பிடிக்காவிட்டால் எழுந்து வேறு இடத்தில் உட்காருங்கள். தொட்டால் ஊர் கேட்கக் கத்துங்கள். அடக்கம் என்று உங்களுக்குக் கற்பித்தது கெட்டவனுக்குத்தான் உதவுகிறது.

தாய் தகப்பன்மாருக்கும் ஒரு வார்த்தை. ஐரோப்பாவில் 29 நாடுகளுக்குச் சேர்த்து ஒரே ஷெங்கன் விசா கொடுக்கிறார்கள். பெரியவர்களுக்கு அதன் கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாத வைத்திய இன்ஷூரன்சு கேட்கிறார்கள். செலவுக்குப் பணம் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். தங்கும் இடம் எது என்று கேட்கிறார்கள். 18 வயதான பெண்ணிடம் தகப்பன் உத்திரவு எங்கே, அண்ணன் எங்கே என்று கேட்பதில்லை. அந்நிய நாட்டு அதிகாரிக்குத் தெரிகிற நியாயம், பெற்று வளர்த்த உங்களுக்குத் தெரியக் கூடாதா? பெண்ணுக்குக் கலியாணமென்று மூன்று நாள் பந்தலுக்கும் மேளத்துக்கும் சாப்பாட்டுக்கும் கடன் வாங்கிக் கொட்டுகிறீர்களே, அதில் ஒரு பங்கு இருந்தால் அவள் மூன்று வாரம் உலகத்தைப் பார்த்துவிட்டு வருவாள். பந்தல் பிரிந்தால் கடன்தான் மிச்சம். பிரயாணம் முடிந்தால் அறிவும் தைரியமும் மிச்சம்.

பெண் வெளியே போனால் கெட்டுப்போவாள் என்று சொல்லுகிறவர்களுக்கு உள்ளூர இருக்கும் பயம் வேறு. தனியாக வண்டி மாறி, பாஷை தெரியாத ஊரில் வழி கேட்டு, தன் பணத்தைத் தானே எண்ணிச் செலவு செய்துவிட்டு வந்த பெண்ணிடம், "உனக்கு ஒன்றும் தெரியாது, சும்மா இரு" என்று இனிமேல் யாரும் சொல்ல முடியாது. அந்தப் பயம்தான். திருடனுக்காகப் பூட்டியதாகச் சொல்லும் கதவு, உண்மையில் அவள் திரும்பி வரும்போது எப்படி வருவாளோ என்பதற்காகப் பூட்டிய கதவு.

எனவே, பெண்ணுக்குத் துணை வேண்டுமானால் விளக்கு துணையாகட்டும், மலிவு ரயில் துணையாகட்டும், பூட்டுள்ள அறை துணையாகட்டும், தப்புச் செய்த ஆணைத் தண்டிக்கும் சட்டம் துணையாகட்டும். இவற்றைச் சர்க்காரிடம் கேட்டு வாங்குங்கள். இல்லாத இடத்தில் ஏற்படுத்துங்கள். இவை இருக்கும் இடத்துக்குப் பெண்களைத் தாராளமாக அனுப்புங்கள். அனுப்ப மனமில்லாதவர்கள் வழிமறிக்காமலாவது இருங்கள் என்று சொல்லி இதை முடிக்கின்றோம்.